ரப்பருக்குப் பயந்த நினைவு அட்டை

உழைக்க உழைக்கத் தேயும். உழைத்த இடத்தில் எதையும் மிச்சம் வைக்காது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்!

ரப்பர்தான். பழைய கணினியின் ‘ரேம்’ என்ற நினைவு அட்டைக்கும் அந்த விடை தெரியும். அதனால்தான் சிறுமி செங்கனி அதைக் கணினியிலிருந்து உருவிவிட்டு, பென்சில் பெட்டிக்குள் கைவிட்டு ரப்பரைத் தேடியதும் அதற்குப் பயம் பிடித்துக்கொண்டது. மூன்று நாளாகக் கணினி எழவில்லை. இன்றும் எழாவிட்டால் கணினிப் பாகங்கள் எல்லோருமாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டியதுதான்.

“கிட்டே வராதே! என் நினைவெல்லாம் அழிந்துபோகும்!” என்று அலறியது அட்டை.

“பல்லில் படிந்த அழுக்கைத்தான் எடுக்கப்போகிறேன், அண்ணே,” என்றது ரப்பர். “சரி, நினைவில் இருப்பதில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். விட்டுவிடுகிறேன்.”

அட்டை தவித்துத் தவித்து யோசித்தது. மின்சாரம் நின்றாலே எல்லாவற்றையும் மறந்துவிடும் பிறவி அது. ஒன்றும் வரவில்லை.

செங்கனி அட்டையின் விளிம்பிலிருந்த பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, பழைய இடத்தில் செருகி, பொத்தானை அமுக்கினாள். கணினி எழுந்தது.

திறந்திருந்த கணினிப் பெட்டிக்குள்ளிருந்து அட்டை ரப்பரைப் பார்த்தது.

“நீ யாரப்பா? இங்கே உனக்கு என்ன வேலை?”

செங்கனி ரப்பரைப் பென்சில் பெட்டியில் போடவில்லை. கணினிக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.