வலது கை

அவர் முதலில் மானிட்டரைத்தான் பார்த்தார்.

பிறகுதான் நண்பரின் முகத்தை.

பச்சைக் கோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஆப்பிள் பையை மேசைமேல் வைத்துவிட்டு, வருத்தம் போன்ற ஒன்றை முகத்துக்கு வரவழைத்துக்கொண்டார்.

கட்டிலில் ஆதிமூலம். மாநிலங்களவை உறுப்பினர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

நெருக்கடி நிலைக் காலத்தில் இருவரும் ஒரே சிறையில் கிடந்தவர்கள். அவருக்குக் காய்ச்சல் கண்டபோது ஆதிமூலம் தன் போர்வையையும் கொடுத்துவிட்டு வெறுந்தரையில் படுத்தார். மேடையில் அதைச் சொல்லும்போது, தான்தான் கொடுத்ததாக அவர் மாற்றிக்கொள்வார்.

பார்க்க வந்த இவர் இருமுறை அமைச்சராக இருந்தவர். கடைசி இரண்டு தேர்தல்களிலும் தோற்றவர். இரண்டாவது முறை டெபாசிட்டும் போனது. மக்கள் நன்றிகெட்டவர்கள் என்பதை அன்று மாலையே கண்டுபிடித்தார். மக்களிடம் போகாமலே டெல்லிக்குப் போக ஒரு வழி இருப்பது அதன்பிறகு நினைவுக்கு வந்தது. கொல்லைப்புற வாசல் என்று ஒரு காலத்தில் அவரே கேலி செய்த வழி.

அந்த வாசலில் ஆதிமூலம் படுத்திருந்தார்.

தலைமையிடம் பேசியாகிவிட்டது. இடம் காலியானால் உங்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். ஒரே சிக்கல். பதவிக்காலத்தில் ஓராண்டுக்கும் குறைவாக மிச்சமிருந்தால் இடைத்தேர்தல் வராது. அந்தக் கெடுவுக்கு இன்னும் மூன்று மாதம்தான்.

ஆகவே தினமும் வந்தார்.

வாசலில் நிருபர்கள் கேட்கும்போதெல்லாம், பதவி ஆசை தனக்கு என்றுமே இருந்ததில்லை என்றார். தேடி வந்தால் ஒதுக்குவது மரியாதை இல்லை என்றும் சொல்லிவைத்தார்.

இன்று தாழ்வாரத்தில் டாக்டரை ஓரமாக அழைத்துப்போய், தாங்குமா என்று கேட்டார்.

தாங்கும் என்றார் டாக்டர். இதயம் பலமாக இருக்கிறதாம். நன்றாகக் கவனித்துக்கொண்டால் இன்னும் பல வருடங்கள் இருப்பாராம்.

அவர் முகம் வாடியது. சந்தோஷம் என்று சொல்லச் சற்று நேரம் பிடித்தது.

வெந்நீர் பிடிக்க வந்த செங்கமலம் அந்த முகத்தைப் பார்த்தாள். ஆதிமூலத்தின் மனைவி. நாற்பது வருடமாக அந்த முகத்துக்கு எதிரே இலை போட்டுப் பரிமாறியவள்.

டாக்டர் போகும்வரை நின்றாள். பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள்.

“அண்ணே, அவங்க உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க.”

பேச்சே வரவில்லையே என்று அவர் இழுத்தார்.

“எனக்குப் புரியும். பதவிய ராஜினாமா பண்ணிடுறாங்களாம். அத உங்களையே வாங்கிக்கச் சொல்றாங்க.”

என்ன பேச்சு இது, ஆதிமூலம் எழுந்து நடமாட வேண்டும், அதுதான் முக்கியம் என்று அவர் தொடங்கினார். துண்டால் கண்ணைத் துடைத்தார். துண்டு நனையவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, எப்போது கையெழுத்துப் போடுவார் என்று கேட்டார்.

“கை வரணுமேண்ணே. கைரேகை வச்சா டெல்லியில சந்தேகப்படுவாங்களாம். கை வந்த அன்னிக்கே போட்டுடுவாங்க.”

அன்று பிற்பகலே பெரிய டாக்டர் வந்தார். அதுவரை எப்போதாவது எட்டிப் பார்த்தவர். ஆதிமூலத்தை ஜன்னல் உள்ள அறைக்கு மாற்றினார்கள். பக்கத்திலேயே இருக்க ஒரு நர்ஸையும் போட்டார்கள். முன்னாள் அமைச்சர் நாலு இடத்துக்குப் போன் செய்திருந்தார்.

இத்தனை நாளும் அந்தப் போன் அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.

மறுநாள் காலை கோவையிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்டைத் தன் காரிலேயே கூட்டி வந்தார். பக்கவாதத்துக்குப் பேர்போன ஆளாம். வந்தவர் முதலில் ஆதிமூலத்தின் காலை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.

“கால் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. முதல்ல வலது கை” என்றார் முன்னாள் அமைச்சர்.

ஆதிமூலத்தின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. இடது கையால் நண்பரின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். மனைவியைப் பார்த்தார், பார்த்தாயா என்பதுபோல.

செங்கமலம் தலையசைத்தாள்.

ராஜினாமா என்று ஒன்றை ஆதிமூலம் அவளிடம் எந்த விதத்திலும் சொல்லியிருக்கவில்லை.

பிசியோதெரபிஸ்ட் எண்ணெய் கேட்டார். யாராவது தினமும் இரண்டு வேளை விரல்களை நீவிவிட்டால் சீக்கிரம் பிடிப்பு வரும் என்றார். முன்னாள் அமைச்சர் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு கட்டிலருகே குனிந்தார். அந்தச் செத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீவத் தொடங்கினார்.

செங்கமலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னும் கொஞ்சம் அழுத்துங்கண்ணே” என்றாள்.