இடி குறைஞ்ச துவக்கு

"சும்மா காசைக் கரியாக்காதேங்கோ! பம்ப் துவக்கு காணும்."

"என்ன காணும்? தோள்மூட்டு நீலம் பாஞ்சு கிடக்கு. செமி ஓட்டோ எண்டால் சுடேக்க தோளில இடி குறைவு. லைசென்சும் வந்திட்டுது, இனியென்ன இழுபறி?"

"உந்த நீலம் தானா மாறும்."

"போட்டி வாற சனி! அது மாறுமட்டும் மனேச்சர் பாத்துக்கொண்டு நிப்பானே?"

ஸ்காபரோவில ஒரு பேஸ்மன்ற்றில நடந்த இந்தச் சண்டை, ஹீற்றர் ஓட்டைக்குள்ளால மேல்வீட்டுத் தியாகலிங்கத்தாற்ற காதில விழுந்தது. விழுந்ததெண்டும் சொல்லேலாது. ஆள் கதிரையை ஓட்டைக்குக் கிட்ட இழுத்துப் போட்டெல்லோ இருந்தவர்.

கீழ வாடகைக்கு இருக்கிறது இக்னேசியசும் மனுசி யூஜினியும். ரெண்டு பேருக்கும் பிறம்ரனில ஒரே வெயார்ஹவுசில வேலை. அங்கத்தை மனேச்சருக்குத் துவக்குப் பைத்தியம். மெசின் எறியிற களிமண் தட்டைப் பறக்கப் பறக்கச் சுடுற விளையாட்டுக்கு வேலையாக்களைக் கூட்டிக்கொண்டு போவான். போன முறை ஆற்றையோ துவக்கை இரவல் வாங்கிப் போனதுக்கு, "உங்கட ஆக்களுக்கு உது சரிவராது, பெட்டி அடுக்கத்தான் சரி" எண்டு எல்லாருக்கும் முன்னால சிரிச்சுப்போட்டான்.

அந்தக் கதை தியாகலிங்கத்தாருக்கும் தெரியும். ஒரு ஆம்பிளை மானமும் போய்த் தோளும் நொந்து நிக்கிறான், மனுசி காசைப் பாக்கிறாளே! மனுசனுக்குப் பொறுக்கேல்லை.

"பேபி, நான் ஒருக்காக் கீழ போய் உந்தச் சண்டையைத் தீர்த்துவிட்டிட்டு வாறன்."

"உங்களுக்கேனப்பா உந்த வேலை?" எண்டா அவற்ற மனுசி பேபி, வெண்டிக்காய் வெட்டினபடி.

கீழ போனவரை இருத்திப்போட்டு, யூஜினி தேத்தண்ணி கொண்டந்து நீட்டினா. இடக்கையால.

தியாகலிங்கத்தாற்ற முகம் கறுத்துப்போச்சு. ஊரில எண்டால் இதுக்கே ஒரு சம்பந்தம் குழம்பியிருக்கும். புருசன் பக்கம் கதைக்க வந்தது பிடிக்கேல்லைப் போல எண்டு நினைச்சார். எண்டாலும் தேத்தண்ணியை விடேல்லை, இஞ்சி போட்டிருந்தது.

"தங்கச்சி, ரெண்டு தட்டு ஒரேயடியா வருமெல்லே? பம்பை இழுத்துத் தள்ளி முடிக்க ரெண்டாவது நிலத்தில விழுந்திடும். செமி ஓட்டோ எண்டால் அடுத்த தோட்டாவைத் தானே ஏத்தும். சுடுற விசையில கொஞ்சம் அந்த வேலைக்குப் போறதால இடியும் குறையும்."

"அண்ணைக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"ரீவியில பாத்தனான். புதுசுதான் விலை, பழசு ஒண்டு எடுக்கலாம். என்ர பேபியைப் பாருங்கோ, நான் என்ன வாங்கினாலும் வாய் திறக்கமாட்டா. ஆம்பிளையளுக்கும் ஒரு ஆசை இருக்குமெல்லோ, பிள்ளை?"

புருசனும் மனுசியும் ஆளையாள் பாத்திச்சினம். இக்னேசியசுக்கு இருமல் வந்திட்டுது.

"அண்ணை சொல்லுறது சரிதான்," எண்டான் இருமி முடிச்சு. "நீங்களும் கடைக்கு வாங்கோவன்."

அடுத்த நாள் மூண்டு பேரும் தியாகலிங்கத்தாற்ற பழைய கொறோலாவில, விட்பிக்கு அங்கால இருக்கிற ஒரு கடைக்குப் போச்சினம். தாடிவைச்ச கடைக்காரன் ரெண்டு துவக்கை மேசையில வைச்சான். ஒண்டு புதுப் பம்ப், பாரமில்லை. மற்றது ஆரோ பாவிச்ச செமி ஓட்டோ, பிடிக்கட்டையில நீளத்துக்கு ஒரு கீறல், கொஞ்சம் பாரம். விலை ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டு.

"பாரமெண்டால்தான் நல்லம், இடியைத் துவக்கே பாதி தாங்கும்," எண்டார் தியாகலிங்கத்தார், கடையைத் தானே நடத்திறது மாதிரி. "கீறலைத் தட்டு பாக்கப்போகுதே? தூக்கித் தோளில வைச்சுப் பாரும், இக்னேசியஸ்!"

இக்னேசியஸ் ரெண்டு கையையும் பின்னால கட்டினான்.

"ஐயோ அண்ணை, துவக்கைக் கண்டாலே எனக்குக் கால் நடுங்கும். நான் தோட்டாப் பெட்டி தூக்கத்தான் போறனான்."

யூஜினி எடுத்தா. குழாயை ஆக்கள் இல்லாத பக்கம் திருப்பி, உள்ளுக்குத் தோட்டா இல்லையெண்டு பாத்து, வலத்தோளில மெல்ல வைச்சா. முகம் ஒருக்காச் சுளிச்சுது. பிறகு, இல்லாத தட்டொண்டு சுவரோரம் பறந்தது போல குழாய் அதுக்குப் பின்னால வழுக்கிக்கொண்டு போச்சுது. கடைக்காரன் தாடி சொறியிறதை நிப்பாட்டினான்.

"அண்டைக்குப் பாதி வரைக்கும் இவவிட்ட ஒரு தட்டும் தப்பேல்லை அண்ணை," எண்டான் இக்னேசியஸ். "பிறகு இரவல் துவக்கு இடிச்ச இடியில கை தூக்கேலாமப் போச்சுது. அதுக்குத்தான் அவன் சிரிச்சவன்."

"இதையே எடுப்பம்," எண்டா யூஜினி. "அண்ணை, இடக்கையால தேத்தண்ணி தந்ததைக் குறையா நினையாதேங்கோ. வலக்கை எழும்பேல்லை."

தியாகலிங்கத்தார் கடை முகட்டைப் பாத்தார். அங்க ஒண்டும் பறக்கேல்லை.

சனிக்கிழமை மனேச்சர் சிரிக்கேல்லை. யூஜினி சுட்ட கடைசி ரெண்டு தட்டும் ஒண்டாப் பறந்து அடுத்தடுத்துத் தூளாகேக்க, "இந்தத் துவக்கு எங்க வாங்கினது?" எண்டு மட்டும் கேட்டான். பேபியோட பாக்கப் போயிருந்த தியாகலிங்கத்தார், "நான்தான் தெரிஞ்சு குடுத்தது" எண்டு நெஞ்சை நிமித்தினார்.

திரும்பி வரேக்க, நானூத்தியொண்டு றோட்டில, பக்கத்துச் சீற்றில இருந்த பேபி வாய் திறந்தா.

"இஞ்சேருங்கோ, எனக்கும் உப்பிடி ஒண்டு வேணும்."

அதால இதை வாசிக்கிற ஆரிட்டையேன், பாவிச்ச, மலிவான, இடி குறைஞ்ச செமி ஓட்டோ விக்கிறதுக்குக் கிடந்தால் தயவுசெய்து ஒரு பதில் போடுங்கோ. பேபி லைசென்ஸ் வகுப்புக்குப் போகத் துவங்கியிட்டா, இப்ப வெண்டிக்காய் வெட்டுறது தியாகலிங்கத்தார்.