வெளிச் சத்தம்

மார்ச் 18, புதன்கிழமை, காலை பதினொன்றேகால் மணி. மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஏழு ஹெட்போன்களும் இரண்டு மியூசிக் பிளேயர்களும் முதுகில் நம்பர் ஒட்டப்பட்டு வரிசையாகக் கிடந்தன. எல்லாமே மலிவு விலைச் சரக்கு.

ஆறு ஹெட்போன்களுக்கு நேற்றே மார்க்குப் போட்டாயிற்று. மிச்சம் நாலாம் நம்பர். அதை மாட்டிக்கொண்டு அப்பா கண்ணை மூடியிருந்தார். விரல் மேசையில் தாளம் போட்டது. தலை அதற்கு ஆமாம் போட்டது.

மகள் சமையலறைக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பத்திரிகை ஆசிரியரே போன் செய்துவிடுவார். ஆசிரியருக்கு நல்ல செய்தியையே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லித்தான் பழக்கம்.

அந்த மாதப் பத்திரிகையில் ‘கேட்டு வாங்குங்க’ பக்கம் பதினெட்டு வருடமாக அப்பாவுடையது. கட்டைச் சத்தத்துக்கு ‘கும்’, இடைப்பட்டதற்கு ‘நடு’, மெல்லிய உச்சச் சத்தத்துக்கு ‘கீச்சு’ என்று அவர் வைத்த பெயர்களைக் கடைக்காரர்களே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘காது’தான்.

அதே அலுவலகத்தில் துணையாசிரியராக இருக்கும் மகளுக்கு நான்கு மாதமாக வாசகர் கடிதங்களைப் பிரிக்கவே பயம். ‘கீச்சுக்கு ஒன்பது மார்க் போட்டிருந்தீர்கள், மாட்டினால் காதில் ஊசி ஏற்றுகிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘முதலில் உங்கள் காதை சர்வீஸுக்குக் கொடுங்கள்’ என்று இன்னொருவர். நேற்று ஆசிரியர் முடிவெடுத்துவிட்டார்.

காலையிலிருந்து இரண்டு தடவை பேச்சை எடுத்தாள். முதல் தடவை அது கேஸ் சிலிண்டரில் போய் முடிந்தது, அடுத்த தடவை தண்ணீர்த் தொட்டியில். மூன்றாவது தடவை அவரே, “என்னம்மா, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துற?” என்று சிரித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பால்கனியில் துவைத்து முடித்த வாஷிங் மெஷின் கீ... கீ... என்று கத்தியது. பல் கூசும் சத்தம். அப்பாவுக்கு இமைகூட அசையவில்லை.

மலிவானாலும் நாலாம் நம்பர் கெட்டிதான், வெளிச் சத்தம் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை என்று நினைத்தாள். அந்த நினைப்பே தைரியம் கொடுத்தது. நேராகச் சொல்லும் முன் ஓர் ஒத்திகை பார்த்துவிடலாம். அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தாழ்ந்த குரலில் ஆரம்பித்தாள்.

“அப்பா, உங்க காதுக்கு வயசாயிடுச்சு. கும் கேக்குது, நடு கேக்குது, கீச்சு கேக்கல. கேக்கலங்கறதே உங்களுக்குத் தெரியல. இந்த மாசத்தோட போதும்னு சொல்றாங்க.”

நிறுத்தினாள். மீதிதான் கஷ்டம்.

“பக்கத்தை வேற ஆள் கிட்ட குடுக்கறாங்கப்பா. அது நான்தான். முடியாதுன்னு சொல்லியிருக்கணும், சொல்லல. எனக்கு ஆசையா இருந்துச்சு.”

அப்பாவின் விரல் ஒரு தாளத்தை விட்டது. உடனே பிடித்துக்கொண்டது. பாட்டு மாறுகிறது போலும் என்று நினைத்தாள். தலை மட்டும் ஆமாம் போட்டபடியே இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பாட்டு முடிந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். “ஏதாவது சொன்னியாம்மா?”

சொல்ல வந்த வாய் வேறு எதையோ சொன்னது. “காப்பி வேணுமான்னு கேட்டேன்.”

“கொண்டா. மெஷின் இன்னும் ஓடுதா?”

பால்கனியில் அது மறுபடி கீ... கீ... என்று கத்திக்கொண்டிருந்தது. “நின்னுடுச்சுப்பா” என்று சொல்லிவிட்டு, விட்டால் போதும் என்று சமையலறைக்குள் நுழைந்தாள்.

காப்பியோடு வந்தபோது கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது. இனி ஒத்திகைக்கு நேரமில்லை. அப்பா மார்க்குத் தாளை அவள் பக்கம் தள்ளினார், ஆபீசுக்கு எடுத்துப் போகச் சொல்லி.

கீச்சு வரிசையில் நேற்று ஆறு ஹெட்போன்களுக்கும் போட்டிருந்த மார்க்கைக் கோடு போட்டு அடித்திருந்தார்.

“அதை நீ ஒரு தடவை கேட்டுப் போட்டுடு” என்றார்.

இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் கண் நாலாம் நம்பரில் விழுந்தது. கும் ஏழு, நடு எட்டு. வெளிச் சத்தத்தைத் தடுக்கும் திறன், பூஜ்யம்.

“இது தப்புப்பா. மெஷின் அந்தக் கத்து கத்துச்சு, நீங்க திரும்பவே இல்லையே.”

அப்பா காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார்.

“மெஷினா? அது கேக்கலம்மா. காப்பி வேணுமான்னு நீ கேட்டியே, அதுதான் ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு.”