ஒரு ஆண், சிரிக்கிறார்

இசக்கியம்மாளுக்குக் கண் மங்கிப்போனதால், படத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லும்படி டேப்லெட்டை மாற்றிக் கொடுத்தாள் அண்ணன் மகள் வடிவு. செத்துப்போன புருஷனின் படத்தைத் தொட்டாள் அத்தை.

"ஒரு ஆண். சிரிக்கிறார்," என்றது டேப்லெட்.

அத்தையின் விரல் அப்படியே நின்றது. "சிரிக்காராட்டி? முப்பத்தெட்டு வருசத்துல என்னப் பாத்து ஒருநாளும் சிரிச்சதில்லியே அந்த மனுசன்."

வடிவு குனிந்து பார்த்தாள். உச்சி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு கடற்கரையில் நின்றிருந்தார் மாமா.

"ஆமா அத்தை, சிரிக்காரு."

"இது கன்னியாகுமரில எடுத்ததா?"

"ஆமா."

"அன்னைக்கு கேமராவ நாந்தாம்ட்டி புடிச்சிருந்தேன்."

முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, அத்தை மறுபடியும் படத்தைத் தொட்டாள்.