லலிதா டாக்டரின் கேள்விகள்

"பாக்ரி ரொட்டி ஒழுங்கா இறங்குதா பார்வதி? நெஞ்சுல எங்கயும் நிக்கலையே?"

டாக்டர் லலிதா இதோடு மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டார்.

"பால்ல ஊற வெச்சுத் தின்னா இறங்குது டாக்டரம்மா."

தோலை இறுக்கும் ஸ்க்லெரோடெர்மா நோய் பார்வதியின் உணவுக்குழாயையும் விட்டுவைக்கவில்லை. அமிலம் தொண்டைவரை ஏறியதால், வருடக்கணக்கில் உட்கார்ந்தபடியே தூங்கியவள். மாத்திரைகளுக்கு அடங்காமல் போகவே, போன வருடம் லலிதாதான் அறுவை சிகிச்சை செய்தார்.

அடுத்த பரிசோதனைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஆனால் நேற்று அவரே போன் செய்து, "நாளைக்கு வர முடியுமா?" என்றார். அப்போதிலிருந்து பார்வதிக்குக் கை கால் ஓடவில்லை. கணவன் கலியன் ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு, சாங்வியிலிருந்து ரிக்ஷாவில் அழைத்து வந்திருந்தான்.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்த நர்ஸிடம், "யாரையும் உள்ளே விடாதே" என்று மராட்டியில் சொல்லி அனுப்பினார் லலிதா.

"ஆபரேஷன் முடிஞ்சு முதல் வாய் தண்ணி குடிச்சீங்களே, பயமா இருந்துதா?"

"தொண்டையிலயே நின்னுடுமோன்னு நடுங்கிட்டேன்."

"நல்லா படுத்துத் தூங்க எத்தன நாள் ஆச்சு?"

"பதினோரு நாளு."

லலிதா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கலியனுக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டரம்மா, மொதல்ல பாத்த டாக்டரு இரைப்பையோட மேல்பக்கத்தக் குழாயச் சுத்திக் கட்டிடலாம்னாரு. நீங்கதான், இவ குழாய்ல சோத்தத் தள்ளுற சக்தி இல்ல, கட்டினா சிக்கிக்கும், இரைப்பையச் சின்னதாக்கி நேராக் குடல்ல இணைக்கிற பைபாஸ்தான் சரின்னீங்க. இப்ப அது தப்பாப் போச்சா?"

"தப்பில்ல கலியன். எடை எவ்வளவு குறைஞ்சுது?"

"ஒம்பது கிலோ. அப்புறம் நின்னுடுச்சு. இனிப்புத் தின்னா மட்டும் படபடன்னு வருது" என்றாள் பார்வதி.

"ஏன்டா பண்ணிக்கிட்டோம்னு ஒருநாளாவது தோணுச்சா?"

பார்வதிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தேகமே இல்லை, நோய் திரும்பிவிட்டது. அதைச் சொல்லத்தான் டாக்டர் இப்படிச் சுற்றி வளைக்கிறார்.

"மொத மாசம் தெனமும் தோணுச்சு. அரை டம்ளர் கஞ்சி குடிக்க ஒரு மணி நேரம் ஆவும். இவரு என் எதிர்ல உக்காந்து சாப்பிடவே மாட்டாரு. இப்ப எரிச்சல் இல்ல, மனுஷியாட்டம் படுக்கிறேன். பண்ணிக்கிட்டது நல்லதுதான். ஆனா இன்னொரு தடவ அந்த மேசையில படுன்னா என்னால ஆவாது. எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லிடுங்க."

லலிதா எழுந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல பார்வதி, நீங்க நல்லா இருக்கீங்க." அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபரேஷன் பண்ணித்தான் எனக்குப் பழக்கம். வர்ற வியாழக்கிழமை இதே ஆபரேஷனுக்கு மேசையில படுக்கப்போறது நான்."