மேடைக்கு ஒரு ஜிப்பா

கொடுத்த பட்டு ஜிப்பாவை நாயனக்காரர் தாணுமாலயன் மடிப்புக் கலையாமல் திருப்பி நீட்டினார்.

“வேண்டாம் வக்கீலய்யா. நான் வெத்து உடம்போடவே வாசிச்சிருதேன்.”

வக்கீல் பால்வண்ணநாதனின் முகம் சுருங்கிவிட்டது. தங்கை கல்யாணத்து மாலைக் கச்சேரிக்கென்று தென்காசியிலேயே நல்ல தையல்காரரைப் பிடித்துத் தைத்த ஜிப்பாக்கள் அவை. மேளக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே சந்தன நிறம்.

அவருடைய அப்பா காலத்தில் அந்த வீட்டு வாசலில் மேளக்காரர் சட்டை போடக் கூடாது. துண்டு கூட இடுப்பில்தான் இருக்க வேண்டும். அந்த வழக்கத்தைத் தன் வீட்டு மேடையில் வைத்தே ஒழித்துக் காட்டுவதாகக் கோர்ட்டு முழுக்கச் சொல்லியிருந்தார் வக்கீல். கேட்டவர்களெல்லாம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தும்விட்டார்கள்.

“சுதந்திரம் வந்து பதினாலு வருசமாச்சு. இன்னுமாவே பயப்படுதீரு?”

“பயமெல்லாம் இல்லய்யா.”

“குளிரவுமா இல்ல?”

ஆனி மாதச் சாரல் குற்றாலத்து மலையிலிருந்து பந்தலுக்குள்ளேயே தூவிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாதிப்பேர் போர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள். தாணுமாலயனின் கையில் மயிர் சிலிர்த்து நின்றது.

“செங்கோட்டையிலருந்து வரும்போது சட்டை போட்டுக்கிட்டுத்தான வந்தீரு?”

“ஆமாய்யா. வாசிக்கும்போது மட்டும் வேண்டாம்.”

பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். சித்தப்பா நெல்லையப்ப பிள்ளை. பழைய வழக்கத்துக்கு அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே கட்சிக்காரர்.

“ஏலே பால்வண்ணம், அவன் மரியாத தெரிஞ்சவன்லே! கேக்காதவனுக்கு நீ எதுக்கு வாதாடுத?”

முன்வரிசையிலும் யாரோ சிரித்தார்கள். வக்கீலுக்குக் காது மடல் சிவந்தது.

தவில்காரர் வீரபாகு, தாணுமாலயனின் சொந்த அண்ணன். மூத்தவருக்குப் பயந்து தம்பி மறுக்கிறாரோ என்று வக்கீலுக்குச் சந்தேகம். ஆனால் ஜிப்பாவை முதல் ஆளாக வாங்கி மாட்டிக்கொண்டவரே அவர்தான். மேடையில் தம்பியின் இடத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து, விரல்களில் கூடு மாட்டிக்கொண்டிருந்தார்.

“நீராவது உம்ம தம்பிக்குச் சொல்லப்படாதா?” என்றார் வக்கீல்.

வீரபாகு நிமிர்ந்தார். வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்து, பெரிதாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடி விரல்களைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

“சரியான அண்ணன், சரியான தம்பி!” வக்கீலின் பொறுமை போய்விட்டது. “இந்தாரும் வித்வான், ஒரே பேச்சு. ஜிப்பா போட்டா கச்சேரி. இல்லன்னா கீழப்பாவூர் மேளத்துக்குக் கார் அனுப்புதேன்.”

தாணுமாலயன் ஆடிப்போனார். கல்யாண மேடையிலிருந்து திருப்பியனுப்பிய மேளம் என்று பேர் வந்தால், அப்புறம் தென்காசி வட்டாரத்தில் எவரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க மாட்டார்கள். அவர் வீட்டு அடுப்பு, அண்ணன் வீட்டு அடுப்பு இரண்டும் இந்த மேளத்தை நம்பித்தான் எரிந்தன.

அவர் வக்கீலை மேடையோரம், அண்ணனுக்குப் பின்பக்கமாக அழைத்துப் போனார்.

“ஐயா, நீங்க செய்யுதது ரொம்ப நியாயம். எங்கப்பாவுக்கு இப்படி ஒரு மனுசர் வாய்க்கல. நாளைக்கு இதே ஜிப்பாவ மாட்டிக்கிட்டு ரத வீதி நாலயும் சுத்தி வாறேன், உங்க சித்தப்பா பாக்கட்டும். கச்சேரிக்கு மட்டும் விட்டுருங்க.”

“அப்படி என்னவே காரணம்? அதச் சொல்லும்.”

“வெளிய தெரிஞ்சா எங்க பொழப்பே போயிரும்.”

“நான் வக்கீலு. எங்கிட்ட வந்த ரகசியம் எங்கயும் போவாது.” வக்கீல் சட்டென்று குரலைத் தாழ்த்தி, முன்னால் குனிந்திருந்த முதுகைக் கண்ணால் காட்டினார். “ஆனா மெதுவாச் சொல்லும். உம்ம அண்ணன் இங்கனயே இருக்காரு, காதுல விழுந்துரப் போவுது.”

தாணுமாலயன் அண்ணனைப் பார்க்கவில்லை. சித்தப்பா இருந்த பக்கம்தான் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“அவருக்குக் காது கேக்காதுய்யா. எம் வயித்துல மூச்சு ஏறி எறங்குததப் பாத்துத்தான் தவில் அடிக்காரு.”