முதலில் சிக்கிய சொல்

மாலை இருட்டிக்கொண்டு வருகிறது. குடியிருப்பின் பராமரிப்பு அறையில், மேற்பார்வை பார்க்கும் பெண்ணின் முகத்தில் கணினியின் நீல வெளிச்சம். புகாரில் ‘குழாய்’ என்று இருந்தால் பிளம்பருக்கு, ‘ஷாக்’ என்று இருந்தால் எலக்ட்ரீஷியனுக்கு என்று புகார்களைத் தானாகப் பிரிக்கும் சூத்திரத்தை அவள் நேற்றுதான் எழுதினாள். முதலில் சிக்கும் சொல்லோடு அது தேடுவதை நிறுத்திவிடும். பிளம்பர் பட்டியலில் இறங்கிக்கொண்டிருந்த அவள் விரல் எதிர்க் கட்டடத்துப் புகார் ஒன்றில் உறைகிறது. ‘பாத்ரூம் குழாயைத் தொட்டா அப்பப்ப ஷாக் அடிக்குது.’ பக்கத்தில், பிளம்பர் போகவேண்டிய நேரம்: ‘நாளை காலை’.

“அண்ணே, எதிர் பில்டிங் மெயினை அணைங்க! ஓடுங்க!”

டீயை அப்படியே வைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் பாய்கிறார். செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்று கிடக்கிறது. அவள் அந்த வீட்டுக்குப் போன் போடுகிறாள். கணவர் எடுக்கிறார்.

“அவ குளிச்சிட்டு இருக்கா. அப்புறம் கூப்பிடுறீங்களா?”

“குழாயைத் தொட வேண்டாம்னு...” என்று அவள் தொடங்குகிறாள். போனில், வாளியில் தண்ணீர் விழும் சத்தம். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடம் மொத்தமாக இருள்கிறது. அதே நொடியில் தண்ணீர்ச் சத்தமும் நிற்கிறது. போனைக் காதில் அழுத்திக்கொள்கிறாள். எங்கோ ஒரு கதவு படாரென்று திறக்கிறது.

“மூஞ்சி பூரா சோப்போட நிக்கிறேன். எந்தப் புண்ணியவான் கரண்ட்டைப் புடுங்கினது?”